மணிமேகலையின் இடது கன்னம்

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பு மில்களில் வேலை பார்க்கிற பெண்களிடம் சத்தமில்லாத பேச்சு ஒன்று உண்டு. மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். அதனால் உதட்டை அகல அசைத்து, புருவத்தையும் கையையும் துணைக்குச் சேர்த்துப் பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். மணிமேகலைக்கு வந்த வாரத்திலேயே பிடிபட்டுவிட்டது. எதிர் வரிசையில் நூல் ஒட்டிக்கொண்டிருக்கும் ரோஸ்மேரிக்கு, கை வேலை நிற்காமல், ஒரு முழு சினிமாக் கதையை உதட்டாலேயே சொல்லி முடிப்பாள். வில்லன் வருகிற இடத்தில் ரோஸ்மேரி நிஜமாகவே பயந்து, அறுந்த நூலை விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியதும் உண்டு.

அத்தனை சீக்கிரம் அவளுக்கு அது வந்ததற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் அம்மை போட்டு இறங்கிய பிறகு அவளுடைய இடது காது ஒழுக ஆரம்பித்தது. வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். சில மாதம் நிற்கும், மறுபடி ஒழுகும். கேட்பதும் மங்கிக்கொண்டே போயிற்று. பள்ளிக்கூடத்தில் டீச்சரின் வாயைப் பார்த்தே பாடம் கேட்டாள். பார்த்துப் பார்த்துக் கேட்டுப் பழகியவளுக்கு மில்லுக்குள் போனபோது சொந்த ஊருக்குள் போன மாதிரி இருந்தது. அங்கே எல்லோருமே செவிடு. எல்லோருமே வாயைத்தான் பார்த்தார்கள்.

கல்யாணம்கூட அப்படித்தான் வந்தது. ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவளுடைய ஊர். அங்கிருந்து ஆட்களை ஏற்றிவரும் மில் பஸ்ஸை ஓட்டியவன் பழனிக்குமார். தனக்குத்தானே பேசிக்கொண்டே வண்டி ஓட்டுகிற சுபாவம் அவனுக்கு. இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம். ஒருநாள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்து, “இன்னைக்கு அந்தப் பச்சைச் சுடிதாரைக் காணோமே” என்று முணுமுணுத்தான். மில் வாசலில் இறங்கும்போது மணிமேகலை அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“பச்சையைத் துவைக்கப் போட்ருக்கு. நாளைக்குப் போட்டுட்டு வாரேன்.”

அன்றைக்கு அவன் வண்டியை ரிவர்ஸ் எடுக்கையில் சுற்றுச்சுவரில் இடித்துவிட்டான். அடுத்த வருஷம் கல்யாணம். இப்போது மகள் பானுப்ரியா திண்டுக்கல்லுக்குப் போய்வந்து பி.காம் படிக்கிறாள். மணிமேகலைக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

இத்தனை வருஷத்தில் இடது காதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. நாற்றம்தான் அவளைக் கூசவைத்தது. மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்? ஒரு துணுக்கைத் திரித்துக் காதுக்குள் வைத்துக்கொள்வாள். மல்லிகைச் சரத்தை நடுவில் வைக்காமல் இடது காதின் மேல் தொங்குகிற மாதிரி வைப்பாள். பஸ்ஸிலும் பந்தியிலும் இடது பக்கம் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருவாள். பழனிக்குமார் தினமும் தவறாமல் பூ வாங்கி வருவான். இப்படி ஒரு புருசன் யாருக்கு வாய்ப்பான் என்று ரோஸ்மேரி பெருமூச்சு விடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாயில் தானாக வழிந்தது. இன்னொரு முறை கொப்பளித்தாள். மறுபடியும் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி தூங்கிக்கொண்டிருந்தது. சிரித்துப் பார்த்தாள்; வலது பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு போயிற்று. கண்ணை மூடினால் இடது கண் மூடவில்லை, வெள்ளை விழி தெரிந்தது.

வேறொருத்தி என்றால் வீட்டைக் கூட்டியிருப்பாள். மணிமேகலை முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, வேறு டிரைவர் ஓட்டிய மில் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பழனிக்குமார் அன்றைக்கு விடியும் முன்பே முதல் ஷிப்ட் வண்டிக்குப் போயிருந்தான். அதனால் அவன் பார்க்கவில்லை.

மில்லுக்குள் போய் முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டு, எதிர் வரிசையைப் பார்த்து, “ரோசு, என் மொகத்தைப் பாரு, என்னமோ ஆகிப்போச்சு” என்றாள் உதட்டால்.

ரோஸ்மேரி புருவத்தைச் சுருக்கினாள். என்ன?

மறுபடி சொன்னாள். ரோஸ்மேரி கையை விரித்தாள். புரியவில்லை. இன்னொரு முறை, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. பாதி உதடு அசைய, பாதி உதடு கிடந்தபடி கிடக்க, அந்தச் சொல்லெல்லாம் உருத்தெரியாமல் போயிற்று. இருபது வருஷமாகத் தன் வாயிலிருந்து சினிமாக் கதை கேட்டவள் ‘என்னடி சொல்ற’ என்று தவித்துப் பார்த்தபோதுதான் மணிமேகலைக்கு அழுகை வந்தது. அந்த மூடாத கண்ணிலிருந்து அது பாட்டுக்கு வழிந்தது. ரோஸ்மேரி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

ஊரில் காற்று அடித்துவிட்டது என்றார்கள். வெற்றிலையை வாட்டி ஒற்றடம் கொடுக்கச் சொன்னார்கள். பக்கத்து கிளினிக்கில் முகவாதம் என்று மாத்திரை கொடுத்தார்கள். காதில் தொந்தரவு ஏதும் உண்டா என்று அங்கேயும் கேட்கத்தான் செய்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டாள் மணிமேகலை. மாத்திரை தீர்ந்தது, முகம் திரும்பவில்லை. கண் சிவந்து உறுத்தியது. பழனிக்குமார் லீவு போட்டுவிட்டு அவளைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனான்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ரிஃபாத் பேகம்பூரில் பிறந்து வளர்ந்தவர். மணிமேகலையை விட வயதில் இளையவர். முகத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். பிறகு கேட்டார்.

“அக்கா, காது ஒழுகுமா?”

“இல்ல டாக்டரம்மா.”

“எப்பவாச்சும்?”

“எப்பவுமே இல்ல.”

ரிஃபாத் எழுந்து வந்து, இடது காதின் மேலிருந்த மல்லிகைச் சரத்தை மெல்ல ஒதுக்கினார். மைக்ராஸ்கோப்பை இழுத்து வைத்து உள்ளே பார்த்தார். மெல்லிய இடுக்கியை விட்டு இழுத்தார். ஊறிப்போன பஞ்சுத் துணுக்கு ஒன்று வந்தது. அதன் பின்னால் கறுத்துப்போன இன்னொன்று வந்தது. அது எந்த வருஷத்துப் பஞ்சோ. அறைக்குள் நாற்றம் பரவியது. மணிமேகலைக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பழனிக்குமார் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

“எத்தனை வருசமா இப்படி?” என்றார் ரிஃபாத்.

பதில் பழனிக்குமாரிடமிருந்து வந்தது. “கல்யாணம் ஆன நாள்ல இருந்தே இருக்கு டாக்டரம்மா.”

மணிமேகலை திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஒங்களுக்குத் தெரியுமா?”

“ஒரே பாயில படுக்கிறவனுக்குத் தெரியாதா?” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. “நீ மறைக்கிறது தெரிஞ்சுச்சு. கேட்டா மனசு நோவுமேன்னுதான் கேக்கல. பூ வச்சா நீ செத்த நிம்மதியா இருக்க மாதிரி தெரிஞ்சுச்சு. அதான் வாங்கிட்டு வந்தேன்.”

ரிஃபாத் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்ல சோடிதான் போங்க. ஒருத்தர ஒருத்தர் நோகடிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்தே காதக் கெடுத்து வச்சிருக்கீங்க” என்றார். திட்டுகிற குரல்தான். ஆனால் சொல்லிவிட்டு மணிமேகலையின் தோளில் கை வைத்தார்.

கவட்டை மாதிரி இருந்த இரும்பு ஒன்றை முழங்கையில் தட்டி, அதன் அடியை அவளுடைய நடு நெற்றியில் ஊன்றினார். “சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?”

மணிமேகலைக்கு ஆச்சரியமாக இருந்தது. “கெட்டுப்போன காதுலதான் கேக்குது!”

“நல்லது. உள்ள இருக்க கேக்குற நரம்பு உசுரோட இருக்கு. சத்தம் போற வழிதான் அடைச்சுக் கிடக்கு.”

ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் ரிஃபாத் படத்தை விளக்கின் முன் வைத்துக் காட்டினார். செவிப்பறையில் ஓட்டை விழுந்து, வெளியே இருக்க வேண்டிய தோல் உள்ளே போய் வளர்ந்து, உருண்டு திரண்டு கிடக்கிறது. இது புற்று இல்லை, ஆனால் சுற்றியிருக்கிற எலும்பைக் கரையான் மாதிரி அரிக்கும். சத்தத்தைக் கடத்துகிற மூன்று பொடி எலும்புகளில் இரண்டைத் தின்றுவிட்டது. முகத்தை அசைக்கிற நரம்பும் அந்த வழியாகத்தான் போகிறது, மெல்லிய எலும்புக் குழாய்க்குள். அந்தக் குழாயையும் அரித்து இப்போது நரம்பை அமுக்கிக்கொண்டிருக்கிறது.

“மொகத்துல வந்த நோவுன்னு நெனச்சீங்க. இது காதுல இருந்து வந்தது. மாத்திரையில கரையாது. காதுக்குப் பின்னாடி எலும்பைத் தொறந்து, அம்புட்டையும் சுரண்டி எடுத்து, நரம்புக்கு எடம் விடணும். தள்ளிப்போட்டா மூளைப் பக்கமும் போகும்.”

“காது கேக்குமா?” என்றான் பழனிக்குமார்.

“இந்த ஆபரேசன்ல கேக்க வைக்கிறேன்னு சொல்ல மாட்டேன். மொதல்ல காது சுத்தமாகணும், காஞ்சு போகணும். கேக்க வைக்கிறது அடுத்த கதை.”

மணிமேகலை முந்தானையால் கடைவாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “டாக்டரம்மா, ஒதடு திரும்புமா?”

“திரும்பும்னு நம்புறேன். முழுசாவா, முக்காலாவான்னு இப்ப சொல்ல முடியாது.”

“எனக்கு அழகெல்லாம் வேணாம். ‘ப’வும் ‘ம’வும் சரியா வந்தாப் போதும். மில்லுக்குள்ள நான் சொல்றது ஒருத்திக்கும் வெளங்க மாட்டேங்குது.”

ரிஃபாத்துக்கு முதலில் புரியவில்லை. பழனிக்குமார்தான் அந்தச் சத்தமில்லாத பேச்சைப் பற்றிச் சொன்னான். கேட்டுவிட்டு ரிஃபாத் மேஜையிலிருந்த ஆபரேஷன் டைரியை இழுத்துப் புரட்டினார். பிறகு, “நாளான்னைக்கே வச்சிக்கலாம்” என்றார்.

ஆபரேஷன் அன்று மணிமேகலை பயந்தது காதுக்குப் பின்னால் முடி மழிப்பதற்குத்தான். “ஒரு விரக்கடைதான்க்கா, வளந்துரும்” என்று நர்ஸ் சமாதானம் சொன்னாள். அப்புறம் மூக்கில் வைத்த முகமூடியின் ரப்பர் வாசனை. எண்ணச் சொன்னார்கள், நான்கு வரை எண்ணியது ஞாபகம். கண் விழித்தபோது தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. அதை அவிழ்த்த பிறகும் தலைப்பாகை கட்டிய மாதிரியே சில நாள் இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் அறை சுற்றியது. நாக்கின் இடது பாதியில் பழைய செம்புக் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி.

ரிஃபாத் வந்து புருவத்தைத் தூக்கச் சொன்னார். வலது புருவம் ஏறியது. இடது பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. மணிமேகலையின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

“நரம்பைக் கண்ணால பாத்துட்டேன்க்கா. அறுபடல. அமுங்கி, வீங்கி, செவந்து கிடந்துச்சு. சுத்தி இருந்த எலும்பை எடுத்து விட்ருக்கேன். வாடின நாத்துக்குத் தண்ணி விட்டா ஒடனே நிமிருதா? மாசக்கணக்குல ஆகும். நீங்க பதறக் கூடாது.”

“நாக்கு?”

“ருசி நரம்பு ஒண்ணும் அந்த வழியாத்தான் போகுது. அதையும் நோய் புடிச்சிருந்துச்சு, விட்டுவைக்க முடியல. போகப் போகத் தெரியாமப் போயிரும்.”

வீட்டுக்கு வந்தாள். காதில் தண்ணீர் படக்கூடாது. கண் காய்ந்துபோகாமல் சொட்டு மருந்து விட வேண்டும். படுக்கும்போது பானுப்ரியா இமைகளைச் சேர்த்துப் பிளாஸ்டர் ஒட்டிவிடுவாள். காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பயிற்சி: கன்னத்தை உப்பு, உதட்டைக் குவி, ஊது, பல்லைக் காட்டு. ‘ப, பா, பி, பீ’ என்று மகள் சொல்ல அம்மா சொல்வாள். எல்லாம் காற்றாகப் போகும். ஒன்றாம் வகுப்பில்கூட இவ்வளவு அழவில்லை என்பாள் மணிமேகலை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. போன இடத்தில் பரிதாபமாகப் பார்ப்பார்கள் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் ரோஸ்மேரி வருவாள். ஆயக்குடிக் கொய்யா ஒரு பை இருக்கும். மில்லில் யார் யாரோடு சண்டை, யாருக்குப் பிரமோஷன் என்று மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரலில் பேசுவாள், தெருவே கேட்கும். மணிமேகலை கொய்யாவை வலது பக்கமாகக் கடித்துக்கொண்டு கேட்பாள். திரும்பிப் பேச மட்டும் கூச்சப்படுவாள். ரோஸ்மேரி விட மாட்டாள்.

“என்னப் பாத்துப் பேசுடி. எனக்கு வெளங்கலைன்னா அது என் கண்ணோட கோளாறு. இன்னொருவாட்டி சொல்லு.”

அப்படி இன்னொருவாட்டி, இன்னொருவாட்டி என்று வாரங்கள் போயின.

சமையல் பழனிக்குமார் கைக்குப் போயிருந்தது. காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் நடுவில் வந்து அடுப்பைப் பற்றவைப்பான். ஒருநாள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. தனக்குத்தானே பேசிக்கொண்டே உப்பைப் போட்டான்; பேச்சு சுவாரசியத்தில் மறுபடியும் போட்டான். முதலில் மணிமேகலைக்குப் பரிமாறினான். அவளுக்கு எல்லாமே அரை ருசியாகத்தான் இருந்தது. இதுவும் அவன் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டு, பாவம் மனுஷன் கஷ்டப்பட்டிருக்கிறான் என்று பேசாமல் சாப்பிட்டாள். “எப்படி இருக்கு?” என்றான். “நல்லாருக்கு” என்று தலையசைத்து இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டுக்கொண்டாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பானுப்ரியா வந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். அடுத்த நொடி வாசலுக்கு ஓடினாள்.

“அப்பா! கடலையே கொண்டாந்து ஊத்திட்டியா? அம்மா, இதையா ரெண்டாந்தடவ வாங்கிச் சாப்ட்ட?”

பழனிக்குமார் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து மணிமேகலைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்ற பானுப்ரியா சட்டென்று, “அம்மா, அப்படியே இரு! அசையாத!” என்று கத்தினாள்.

“என்னடி?”

“இடது பக்கம். ஒதட்டோரம் துடிச்சுச்சு. நான் பாத்தேன்.”

கண்ணாடியை எடுத்து வந்தாள். மணிமேகலை மறுபடி சிரிக்கப் பார்த்தாள். வேண்டுமென்று சிரித்தால் வரவில்லை. பழனிக்குமார் அந்தக் குழம்பை ஒரு கரண்டி அள்ளி வாயில் விட்டுக்கொண்டு முழிபிதுங்க விழுங்கினான். அவளுக்கு மறுபடி பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறை அவளே பார்த்தாள். கடைவாயில் புழு நெளிகிற மாதிரி ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான். கண்ணாடியை மடியில் கவிழ்த்துவிட்டு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழனிக்குமார் மடமடவென்று ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, “இனி தினம் ரெண்டு உப்பு” என்றான்.

அதன்பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டது. முதலில் கன்னம், பிறகு இமை, கடைசியாக நெற்றி. ‘ப’ வந்தது. ‘ம’ வந்தது. கண்ணுக்குப் பிளாஸ்டர் தேவையில்லாமல் போயிற்று. காது ஒழுகுவது நின்று, ரிஃபாத் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “காய்ஞ்சு கிடக்கு, சுத்தமா இருக்கு” என்றபோது மணிமேகலை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடவே ஒரு கண்டிப்பும் கிடைத்தது. சோதனையில் வலது காதும் மெஷின் சத்தத்தில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. இனி ஸ்பின்னிங் பக்கம் போகவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மில்லில் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே சத்தம் குறைவு. எல்லோரும் வாயைத் திறந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் மணிமேகலைக்கு அது பேச்சு மாதிரியே இல்லை. ரோஸ்மேரியைப் பிரிந்ததில் வருத்தமும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனின் இரண்டு மூலையிலும் உட்கார்ந்துகொண்டு, நடுவில் இருநூறு பேர் கூச்சல் போட, அவர்கள் இருவரும் சத்தமே இல்லாமல் கதை பேசினார்கள். ரோஸ்மேரிக்கு எல்லாம் புரிந்தது. ஒன்றிரண்டு சொல் மட்டும் இன்னமும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

போன ஆவணியில் இரண்டாவது ஆபரேஷன். நோய் திரும்பவில்லை என்று உள்ளே பார்த்து உறுதி செய்துகொண்டு, தின்றுபோன எலும்புகளுக்குப் பதிலாக அரிசி முனையளவு ஒரு துண்டைப் பொருத்தினார் ரிஃபாத். கட்டைப் பிரித்த அன்று பெரிய மாயம் ஒன்றும் நடக்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், வலது காதைத் தலையணையில் புதைத்துப் படுத்திருந்தவளுக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. எண்ணினாள். மூன்று. எழுந்து போய்ச் சுவரோரம் நின்று, “அக்கா, மூணு விசில் வந்துருச்சு, எறக்குங்க” என்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. முழுசாகக் கேட்கவில்லைதான், யாராவது மெதுவாகப் பேசினால் நழுவிவிடும். ஆனால் பஸ்ஸில் இப்போது எந்தப் பக்கமும் உட்காருகிறாள்.

நரம்பு திரும்பி வளர்ந்ததில் ஒரு வேடிக்கை மிஞ்சியிருக்கிறது. கன்னத்துக்குப் போக வேண்டிய இழை ஒன்று கண்ணுக்கும் போய்விட்டது போல. அவள் வாய்விட்டுச் சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. இது இப்படியே இருக்கும், வேண்டுமானால் ஊசி போட்டுக் குறைக்கலாம் என்று ரிஃபாத் சொன்னார். மணிமேகலை கொஞ்சம் யோசித்தாள். அதற்குள் பழனிக்குமார் குறுக்கே விழுந்து, “அதெல்லாம் வேணாம் டாக்டரம்மா, அப்படியே இருக்கட்டும்” என்றான்.

மில் பஸ்ஸில் புதிதாக வந்த பெண்களுக்கு விஷயம் தெரியாது. டிரைவர் ஏதோ முணுமுணுக்கிறார்; மூன்றாவது சீட்டில் இருக்கிற அக்கா சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். பார்த்துவிட்டு ஒருத்தி பயந்துபோய் ரோஸ்மேரியிடம், “யக்கா, அந்த பேக்கிங் அக்கா டிரைவரைப் பாத்துக் கண்ணடிக்குது” என்று காதோடு சொன்னாளாம்.

“அடிக்கட்டும்டி” என்றாள் ரோஸ்மேரி. “அவ புருசன், அவ கண்ணு.”